வலி தெரியாதவருக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறவியிலேயே வலி உணராத பிள்ளைகளை வளர்ப்பவர்கள், சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களையும் தண்டுவடத்தில் அடிபட்டவர்களையும் வீட்டில் கவனித்துக்கொள்பவர்கள், இவர்களை முதலில் பார்க்க நேரும் பொது மருத்துவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். இப்போதே மூச்சுத் திணறலோ, நினைவு மங்குவதோ, நிற்காத வாந்தியோ இருந்தால் படிப்பதை விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வலி தெரியாது என்றால் தொடுவதும் தெரியாதா?

பெரும்பாலும் தெரியும். தொடுதல், அதிர்வு, கைகால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு எல்லாம் தடித்த நரம்பிழைகள் வழியாகப் போகின்றன. வலியும் சூடும் மெல்லிய இழைகள் வழியாகப் போகின்றன. பிறவிக் கோளாறில் கெட்டிருப்பது மெல்லிய இழைகளின் வேலைதான். எனவே பிள்ளை கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கும். கண்ணை மூடிக்கொண்டு எந்த விரலைத் தொட்டீர்கள் என்று சரியாகச் சொல்லும். அதே விரலைக் கதவிடுக்கில் நசுக்கிக்கொண்டாலும் முகம் மாறாது. பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டு "உணர்ச்சி நன்றாக இருக்கிறது" என்று எழுதி அனுப்பப்படும் பிள்ளைகள் ஏராளம்.

சர்க்கரை நோயில் இரண்டு வகை இழைகளும் மெல்ல மெல்லப் பழுதாகும், பாதத்தில் தொடங்கி மேலேறும். தண்டுவடம் முழுதாக அறுபட்டிருந்தால் அந்த மட்டத்துக்குக் கீழே எதுவுமே தெரியாது. மறதி நோய் முற்றியவர்களும் மயக்கத்தில் இருப்பவர்களும் வேறு: அவர்களுக்கு வலி இருக்கிறது, சொல்ல முடியவில்லை. முகச் சுளிப்பு, முனகல், உடல் விறைப்பு ஆகியவற்றைக் கணக்கிடும் அளவுகோல்கள் அவர்களுக்கு உதவும். வலியே உணராதவரிடம் அவை எப்போதும் பூஜ்யத்தைத்தான் காட்டும்.

குழந்தைக்கு வலி தெரியவில்லை என்று எப்போது சந்தேகிக்க வேண்டும்?

தடுப்பூசி போடும்போது அழவில்லை என்பது முதல் தடயம். ஆனால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை, "சமர்த்துக் குழந்தை" என்று பாராட்டிவிடுவார்கள். உறுதியாகக் கண்ணில் படுவது பல் முளைக்கும்போது, ஆறு மாதத்தை ஒட்டி. நாக்கின் நுனியிலும் கீழுதட்டிலும் ஆறாத புண். விரல் நுனிகள் கடிபட்டு நகம் சிதைந்திருக்கும். தவழத் தொடங்கியதும் காரணம் தெரியாத தீக்காயங்களும், நடக்கத் தொடங்கியதும் கணுக்கால், முழங்கால் வீக்கங்களும் வரும்.

கடித்துக்கொள்ளும் எல்லாக் குழந்தைக்கும் இந்த நோய் இருக்கும் என்று எண்ண வேண்டாம். லெஷ்-நைஹான் நோயில் ஆண் பிள்ளைகள் உதட்டையும் விரலையும் கடித்துத் துண்டாக்குவார்கள், ஆனால் வலி தெரிந்து அலறிக்கொண்டே கடிப்பார்கள். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருக்கும். ஆட்டிசம் உள்ள சிலர் வலியை வேறு விதமாக வெளிக்காட்டுவார்கள், வலி அவர்களுக்கு உண்டு. எலும்பு மட்டும் அடிக்கடி முறிந்து, பிள்ளை வலியில் அழுதால், யோசிக்க வேண்டியது எலும்பு நொறுங்கும் பிறவிக் கோளாறுகளை.

எந்தப் பரிசோதனையில் உறுதியாகும்?

மரபணுச் சோதனையில். எஸ்.சி.என்.9ஏ மரபணு இரு பிரதிகளிலும் செயலிழந்தால் வலி நரம்பில் சைகையைக் கிளப்பும் சோடியம் கதவு (சோடியம் சேனல்) வேலை செய்யாது. 2006-இல் வடக்குப் பாகிஸ்தானின் சில குடும்பங்களை ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள். இவர்களுக்கு அறிவும் வியர்வையும் இயல்பு. வலியோடு சேர்ந்து வாசனையும் தெரியாது, எனவே புகையையும் எரிவாயுக் கசிவையும் மோந்து அறிய முடியாது. என்.டி.ஆர்.கே.1 மரபணு கெட்டால் வலியோடு வியர்வையும் இல்லை. அறிவு வளர்ச்சி பெரும்பாலும் பின்தங்கும். பி.ஆர்.டி.எம்.12, என்.ஜி.எஃப். போன்ற வேறு மரபணுக்களும் உண்டு. எஸ்.சி.என்.9ஏ, என்.டி.ஆர்.கே.1 இரண்டிலும் பெற்றோர் இருவரும் பழுதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

மரபணு முடிவு வரும்வரை உதவுபவை மூன்று. ஹிஸ்டமினை (அலர்ஜியின்போது உடலில் சுரக்கும் பொருள்) தோலுக்குள் சிறிதளவு செலுத்தினால், ஊசி போட்ட இடம் தடிப்பதோடு சுற்றிலும் சிவப்பு வட்டம் படர வேண்டும். வட்டம் படரவில்லை என்றால் மெல்லிய இழைகள் இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்று பொருள். (சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையேல் யாருக்கும் படராது.) இரண்டாவது, வியர்வைச் சோதனை. மூன்றாவது, வெளிக்கணுக்காலுக்கு 10 செ.மீ. மேலே 3 மி.மீ. அளவுக்குத் தோல் எடுத்து நரம்பிழைகளை எண்ணுவது. எஸ்.சி.என்.9ஏ வகையில் சிலருக்கு இழைகள் எண்ணிக்கையில் இருக்கும், வேலைதான் செய்யாது. அதனால் ஹிஸ்டமின் சோதனையும் தோல் சோதனையும் சரியாக வந்துவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

நரம்புக் கடத்தல் சோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். அந்த அறிக்கையில் "இயல்பு" என்று இருப்பதை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது இந்தத் துறையில் மிகப் பரவலாக நடக்கும் தவறு.

ஊசியால் குத்திக் குத்திப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் ஒருமுறை குத்திப் பார்த்தால் மிஞ்சுவது சீழ்ப் புண்தான். பென்சிலை நகத்தின் அடிப்பகுதியில் வைத்து அழுத்தி, நாடித்துடிப்பையும் முகத்தையும் ஒருமுறை கவனித்தால் போதும்.

வலியைக் கேட்க முடியாது என்றால் எதை வைத்து நோயைத் தேடுவது?

மாற்றத்தை வைத்து. நேற்று எப்படி, இன்று எப்படி. வலது எப்படி, இடது எப்படி. வலி தெரிந்தவரிடம் "எங்கே வலிக்கிறது?" என்பது முதல் கேள்வி. இவர்களிடம் அது "என்ன மாறியிருக்கிறது?" என்றாக வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், எடை, வழக்கமான உடல் வெப்பம், ஒவ்வொரு மூட்டின் சுற்றளவு ஆகியவற்றைக் குறித்து வைத்திருந்தால்தான் இது நடக்கும். நாள் முழுக்க ஓடும் பிள்ளை மதியத்தில் சும்மா உட்கார்ந்தாலோ, நடப்பதை விட்டுத் தவழ ஆரம்பித்தாலோ, வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்கையால் தட்டை எடுத்தாலோ, அதுவே அறிகுறி.

அடுத்து, தொட்டால் வலிக்கிறதா என்பதை நம்பி நிற்கும் பரிசோதனைகளை எல்லாம் தள்ளிவைக்க வேண்டும். வலது அடிவயிற்றில் அழுத்தி விடுவது, விலா எலும்பின் கீழ் அழுத்தி மூச்சு இழுக்கச் சொல்வது, காலை நேராகத் தூக்கிப் பார்ப்பது எதுவுமே இங்கே செல்லாது. அழுத்தும்போது வலிக்கவில்லை என்று சொன்னால் அந்த இடத்தில் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

காய்ச்சல் வந்தால்?

வியர்க்காத வகையா, வியர்க்கும் வகையா என்பதைப் பொறுத்தது. வியர்க்காத பிள்ளைக்கு வெயிலோ புழுக்கமோ போதும், உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடலாம். சிறு வயதில் உயிருக்கு மிகப்பெரிய ஆபத்து இதுதான். முதலில் ஆடையைத் தளர்த்தி, குளிர்ந்த அறைக்கு மாற்றி, உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். அரை மணி கழித்து மறுபடி அளந்து பாருங்கள். சுற்றுப்புறச் சூட்டால் ஏறியது என்றால் இறங்கும். பாராசிட்டமால் இதை இறக்காது. குளிர்ந்த இடத்திலும் 38-க்குக் கீழே வராமல் நின்றாலோ, திரும்ப ஏறினாலோ, உள்ளே தொற்று இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 40-ஐத் தொட்டாலோ, பிள்ளை சோர்ந்து விழித்துப் பார்க்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ அரை மணி காத்திருக்க வேண்டாம். குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

தொற்று என்று சந்தேகித்தால் தேடும் வரிசை: பல், காது, தொண்டை, நெஞ்சு, சிறுநீர், பிறகு உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலும் ஒவ்வொரு மூட்டும். ஆடையை முழுதும் களையாமல் பார்ப்பது பார்த்த கணக்கில் சேராது. இரத்தத்தில் வெள்ளையணுக்கள், சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தச் சோதனை), சிறுநீர்ச் சோதனை மூன்றையும் முதல் நாளே எடுத்துவிடலாம். மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். வலி அவர்களுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்ற தைரியத்தில். இங்கே அந்தத் தைரியத்துக்கு இடமில்லை.

கணுக்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது. நடக்கிறான், ஓடுகிறான். சுளுக்காக இருக்குமோ?

நடப்பதை உடனே நிறுத்துங்கள். முறிந்த காலில் இவர்களால் நடக்க முடியும், மாடிப்படி ஏற முடியும். வீட்டார் ஏமாறுவதும் மருத்துவர் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான்.

சூடான வீக்கத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு: எலும்பு முறிவு, எலும்புக்குள் சீழ்த்தொற்று, திரும்பத் திரும்ப அடிபட்டு மூட்டே சிதைவது. கடைசியாகச் சொன்னதைச் சார்கோ மூட்டு என்பார்கள். மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும், மூன்றுமே எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் நீர் கோத்ததுபோல் தெரியும். எனவே படம் மட்டும் தீர்ப்பு சொல்லாது.

முதல் நாளே இரண்டு பக்கமும் எக்ஸ்ரே எடுங்கள், வீங்கிய மூட்டுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளையும் சேர்த்து. மெல்லிய விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போகலாம், எலும்புத் தொற்றும் பத்துப் பதினான்கு நாள் ஆன பிறகே எக்ஸ்ரேயில் தெரியும். ஆகவே படம் சுத்தமாக இருந்தாலும் காலுக்குக் கட்டுப் போட்டு, பாரம் தாங்க விடாமல் வைத்து, பத்து முதல் பதினான்கு நாளுக்குள் மறுபடி எடுக்க வேண்டும். சி.ஆர்.பி. உயர்ந்தபடியே போவது, தோலில் புண் வழியாக எலும்பு தொடுபடுவது, காய்ச்சல் ஆகியவை தொற்றின் பக்கம் சாயும். சந்தேகம் தீராவிட்டால், ஆண்டிபயாட்டிக் தொடங்கும் முன் எலும்பிலிருந்து ஊசி வழியாக மாதிரி எடுத்து வளர்த்துப் பார்ப்பதே நேர்வழி. மருந்தை முதலில் கொடுத்துவிட்டால் கிருமி வளராது, பிறகு வாரக்கணக்கில் குருட்டாம்போக்கில் மருந்து மாற்ற வேண்டியிருக்கும்.

தோலில் காயமே இல்லாத சிவந்த பாதத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஆளைப் படுக்கவைத்து காலைத் தூக்கி ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்திருங்கள். சார்கோ சிவப்பு மங்கும். தோல் தொற்றின் சிவப்பு அப்படியே நிற்கும். கோடு கிழித்ததுபோல முடிவு தராது, எந்தத் திசையில் முதலில் தேடுவது என்பதற்கு உதவும்.

வளரும் பிள்ளைகளில் எலும்பு நுனியின் வளர்ச்சித் தட்டு அடிபட்டால் ஒரு கால் குட்டையாகிவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு கால்களின் நீளத்தை அளந்து குறித்து வையுங்கள்.

வயிற்றுக்குள் ஏதாவது என்றால் எப்படித் தெரியும்?

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், பயப்பட வேண்டியதும் இதுதான். குடல்வால் அழற்சியில் வலி இல்லாவிட்டால் மிஞ்சுவது பசியின்மை, ஒன்றிரண்டு வாந்தி, லேசான காய்ச்சல், கூடிய நாடித்துடிப்பு. இந்த நான்கும் சேர்ந்தால் யாரும் "வயிற்றுக் கோளாறு" என்று மருந்து எழுதிவிடுவார்கள். குடல்வால் வெடித்த பிறகு வயிறு உப்பி, நாடி எகிறி, ஆள் சாம்பல் பூத்துப் போவார்; அப்போதும் வலிக்கவில்லை என்றே சொல்வார். வயிற்றுத் தசை இறுகுவதும் இவர்களிடம் வராமல் போகலாம், ஆகவே மிருதுவான வயிற்றைத் தொட்டு ஆறுதல் அடைய வேண்டாம்.

எங்கள் பரிந்துரை: வழக்கமான சாப்பாட்டை இரண்டு வேளை மறுத்து, வாந்தியும் இருந்து, ஓய்விலும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட நிமிடத்துக்கு 20 கூடியிருந்தால், அன்றே இரத்தச் சோதனையும் ஸ்கேனும் எடுக்க வேண்டும். 20 என்பது ஆராய்ச்சியில் வந்த எண் என்று நினைக்காதீர்கள். வேலைக்காக நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை. அல்ட்ராசவுண்டில் குடல்வால் 6 மி.மீ.க்கு மேல் தடித்து, அழுத்தினாலும் அமுங்காமல் இருந்தால் அழற்சி. "குடல்வால் தெரியவில்லை" என்று அறிக்கை வந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. கேளுங்கள். மற்றவர்களுக்குக் கதிர்வீச்சை யோசித்துத் தள்ளிப்போடுவது சரி. இங்கே தள்ளிப்போடுவதன் விலை பெரிது. குடலில் ஓட்டை விழுந்த சந்தேகம் இருந்தால், நிற்கவைத்து எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்திலும் சும்மா இருக்க வேண்டாம். தொப்புள் மட்டத்தில் இரு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்து, டேப்பால் வயிற்றுச் சுற்றளவை இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். மலம், காற்று கடைசியாக எப்போது போனது, வாந்தியின் நிறம் என்ன என்பதையும் எழுதுங்கள். பச்சை வாந்தி என்றால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

பல்லும் வாயும்?

பல்வலி இல்லாததால் சொத்தை பல்லின் வேர் வரை போய், தாடை எலும்புக்குள் சீழாக இறங்கிய பிறகு கன்னம் வீங்கித்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர், ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே என்பது நியாயமான இடைவெளி. நாக்குக் கடிக்கு முதலில் பல்லின் கூர்முனையைத் தேய்த்து மழுக்குவார்கள் அல்லது பிசின் பூசி உருட்டுவார்கள். அடுத்து வாய்க்குள் பொருத்தும் மென்மையான காப்பு. பால்பற்களைப் பிடுங்குவது கடைசி வழி. சாப்பாடு பரிமாறும் முன் சூட்டை மணிக்கட்டில் தொட்டுப் பார்ப்பதைவிட உணவு வெப்பமானி வாங்கிவிடுவது நல்லது.

கண் சிவந்திருக்கிறது, பிள்ளை கண்டுகொள்ளவே இல்லை.

அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கருவிழிக்கு உணர்ச்சி இல்லாவிட்டால் தூசி விழுந்தாலும் கண்ணீர் சுரக்காது, இமை கொட்டாது. பிள்ளை அதையே கசக்கிக் கசக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். ஃப்ளூரசின் என்ற நிறச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் பச்சையாக ஒளிரும், ஒரு நிமிட வேலை. கண் மருத்துவரிடம் வழக்கமான பரிசோதனைக்குப் போகும்போதும், சிவப்பு இல்லாவிட்டாலும் இதைச் செய்யச் சொல்லுங்கள். உணர்வு மரத்த கண்ணுக்கு மரப்புச் சொட்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது, புண் ஆறாது. வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது அவசரம்.

காது, சிறுநீர், விதைப்பை?

காதில் சீழ் வைத்தாலும் பிள்ளை காதைப் பிடித்து இழுக்காது. டி.வி. சத்தத்தைக் கூட்டுவது, கூப்பிட்டால் திரும்பாதது, தலையணையில் கறை, தள்ளாட்டம் இவற்றைப் பாருங்கள். ஒவ்வொரு காய்ச்சலிலும் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறுநீர்த் தொற்றில் எரிச்சல் இருக்காது. நாற்றம், கலங்கல், பழகிய பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது ஆகியவை அதற்குப் பதில்.

ஆண் பிள்ளைகளின் விதை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். வலி இல்லாமல் ஒரு பக்க விதை மேலேறிக் குறுக்காகக் கிடந்தாலோ, திடீரென வீங்கினாலோ, காரணமற்ற வாந்தியோடு வந்தாலோ ஸ்கேனுக்காகக் காத்திருந்து நேரத்தை இழக்காமல் அறுவை மருத்துவரை அழையுங்கள். குளிப்பாட்டும்போது பார்க்கும் பட்டியலில் இதையும் சேர்க்கக் கூச்சப்பட வேண்டாம்.

சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலி இல்லாமல் வருமா?

வரும். நெஞ்சுவலிக்குப் பதில் திடீர் மூச்சிரைப்பு, சில்லென்ற வியர்வை, குமட்டல், காரணமில்லாத சோர்வு, அல்லது சர்க்கரை அளவு திடீரென எகிறுவது. இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலே ஈ.சி.ஜி.யும் டிரோபோனினும் (இதயத் தசை பழுதைக் காட்டும் இரத்தச் சோதனை) எடுக்க வேண்டும். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருப்பது போதாது. சில மணி நேரம் கழித்து இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். பழைய ஈ.சி.ஜி. ஒன்றைக் கைபேசியில் படமாக வைத்திருந்தால் ஒப்பிட உதவும்.

மரத்த பாதத்தில் புண் வரும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், வெப்பத்தை வைத்து. புண் வருவதற்குப் பல நாள் முன்பே அந்த இடம் சூடாகும். தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவது கிருமி தின்பதால் இல்லை, உணர்வு போனதால் கவனியாமல் படும் காயங்களால்தான் என்று காட்டிய மருத்துவர் பால் பிராண்ட் பாதத்தின் சூட்டை வைத்து ஆபத்தான இடங்களைத் தேடும் முறையை வலியுறுத்தினார். இப்போது தோல் வெப்பமானி வாங்கிக்கொள்ளலாம்.

காலை எழுந்து நடக்கும் முன், இரு பாதத்திலும் ஒரே ஆறு இடங்களை அளங்கள்: பெருவிரல் அடி, பெருவிரல் மூட்டுக்குக் கீழ், மூன்றாம் விரல் மூட்டுக்குக் கீழ், சிறுவிரல் மூட்டுக்குக் கீழ், பாத வளைவு, குதிகால். இடது வலது வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்து மருத்துவரைப் பாருங்கள். சில்லென்ற தரையில் ஒரு காலை மட்டும் வைத்திருந்துவிட்டு அளந்தால் தவறாக வரும். இரண்டு கால்களும் பத்து நிமிடம் ஒரே மாதிரி மூடியோ திறந்தோ இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் 10 கிராம் மோனோஃபிலமென்டால் தொட்டுப் பார்ப்பார்கள். நைலான் இழை வளையும் வரை அழுத்தி, இரண்டு விநாடிக்குள் எடுக்க வேண்டும். காய்ப்பு ஏறிய இடத்தில் வைத்தால் எல்லோருக்கும் உணர்வு குறைவாகத்தான் வரும், அங்கே தவிர்க்கச் சொல்லுங்கள். செருப்புக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். ஆணி, கல், மடிந்த காலுறை எதையும் பாதம் சொல்லாது.

தண்டுவட அடிபட்டவருக்கு தலைவலியும் முகம் சிவப்பதும் வருகிறது. வயிற்றில் ஒன்றுமில்லை என்கிறார்.

அடிபட்ட மட்டம் மார்பின் ஆறாவது முள்ளெலும்பு அல்லது அதற்கு மேல் என்றால் இது அவசரநிலை. கீழே எங்கோ ஏதோ உறுத்துகிறது, அவருக்குத் தெரியவில்லை. உடம்பு இரத்த அழுத்தத்தை ஏற்றிக் காட்டுகிறது. இவர்களுக்கு ஓய்வில் மேல் அழுத்தம் 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதிலிருந்து 20 முதல் 40 வரை ஏறினால் போதும், 140 என்பது இவருக்கு ஆபத்து. மற்றவர்களுக்கான அட்டவணையில் வைத்துப் பார்த்து "பெரிதாக ஒன்றுமில்லை" என்று விட்டால் மூளையில் இரத்தக்கசிவு வரைக்கும் போகும்.

செய்ய வேண்டியது: நேராக உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள், படுக்கவைக்க வேண்டாம். பெல்ட், காலுறை, கால் பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கேத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) இருந்தால் மடிந்திருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் உடல் வெப்பத்திலுள்ள 10–15 மி.லி. உப்புநீரால் மெதுவாகக் கழுவ வேண்டும், போகாவிட்டால் மாற்ற வேண்டும். கேத்தீட்டர் இல்லாவிட்டால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல் தடவிக் குழாய் வழியாகச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அதன் பிறகே மலக்குடலில் மலம் இறுகி அடைத்திருக்கிறதா என்று ஜெல் தடவிப் பார்க்கலாம். அதிலும் இல்லையென்றால் தோலைத் தேடுங்கள்: படுக்கைப்புண், உள்வளர்ந்த கால்நகம், இறுகிய விதைப்பை. இரத்த அழுத்தத்தை 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 150-க்கு மேல் நிற்குமானால் மருத்துவர் விரைவாக இறக்கும் மருந்து கொடுப்பார். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரையை முந்தைய இரண்டு நாளில் சாப்பிட்டிருந்தால் நைட்ரேட் வகை அழுத்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

வலியே இல்லாதவருக்கு மயக்க மருந்து எதற்கு? மாவுக்கட்டுப் போட்டால் என்ன பயம்?

மயக்க மருந்து வேண்டும். அழுத்தமும் இழுப்பும் பயமும் அவர்களுக்கு உண்டு, அசையாமல் கிடக்கவும் வேண்டும். ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற) வலி மருந்துதான் மிகக் குறைவாகத் தேவைப்படும். வியர்க்காத பிள்ளை என்றால் உடல் வெப்பத்தை அறுவை முழுதும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

மாவுக்கட்டின் பயம் பெரிது. கட்டுக்குள் தசையழுத்தம் ஏறிச் சதை இறக்கத் தொடங்கினால் மற்றவர்கள் வலியில் துடிப்பார்கள், அதை வைத்தே கண்டுபிடிப்பது வழக்கம். இங்கே அது கிடையாது. முதல் இரண்டு நாள் இரண்டு மணிக்கு ஒருமுறை விரல்களின் நிறம், சூடு, வீக்கம், தானாக அசைக்க முடிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஊசி வைத்துத் தசையழுத்தத்தை அளக்க வேண்டும். இரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணிலிருந்து அதைக் கழித்து 30-க்குக் குறைவாக வந்தால் அறுவை செய்து தசையுறையைத் திறந்துவிட வேண்டும். முடிந்தவரை முழு உருளைக் கட்டைத் தவிர்த்து, பிளந்த கட்டு அல்லது கழற்றும் தாங்கி கேளுங்கள்.

கர்ப்பம் தரித்தால் பிரசவ வலி தெரியுமா?

தெரியாமல் போகலாம். வயிறு இறுகித் தளர்வதை அழுத்தமாக உணர்பவர்கள் உண்டு. கையை வயிற்றில் வைத்து இறுக்கத்தை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள். கடைசி வாரங்களில் மருத்துவர் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். இடம் மாறிய கர்ப்பத்தில் வலி இல்லாமலே உள்ளே இரத்தக்கசிவு ஏற்படலாம், எனவே முதல் ஸ்கேனை ஏழாவது வாரத்தை ஒட்டித் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.

தினமும் எதைப் பார்க்க வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்?

பழகிவிட்டால் பத்து நிமிடம். காலையில் எழுந்ததும், இரவில் குளித்த பிறகும், நல்ல வெளிச்சத்தில், மேலிருந்து கீழாக, எப்போதும் ஒரே வரிசையில். கண் (இரண்டும் ஒரே வெண்மையா), உதடு, நாக்கின் இரு ஓரம், ஈறு, காது மடல், கழுத்து, கைவிரல் நுனிகள், முழங்கை, முதுகு, பிட்டம், தொடை இடுக்கு, முழங்கால், கணுக்கால், உள்ளங்கால், கால்விரல் இடுக்குகள். மூட்டுகளைப் புறங்கையால் தொட்டு, இரண்டு பக்கச் சூட்டையும் ஒப்பிடுங்கள்.

கைக்குழந்தைகளிடம் கால்விரலைத் தவறவிட வேண்டாம். உதிர்ந்த ஒரு தலைமுடி விரலில் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவது உண்டு. மற்ற குழந்தைகள் வீடு அதிர அழுவதால் அம்மா காலுறையைக் கழற்றிப் பார்ப்பார். அழாத குழந்தையின் விரல் கருத்த பிறகே தெரியவரும். காலுறையை உட்புறம் வெளியே திருப்பி, தொங்கும் நூல்களை நறுக்கிவிட்டுப் போட்டு விடுங்கள்.

குளிக்கும் நீர் 37–38 டிகிரி. கொதிகலனின் வெப்பத்தையே குறைத்து வைப்பது, ஒவ்வொரு முறையும் எச்சரிப்பதைவிட நிச்சயம். 60 டிகிரி நீர் தோலைச் சில விநாடிகளில் வேகவைத்துவிடும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்பதே வேறு கேள்விகள். எங்களைத்தான் சந்தேகிக்கிறார்கள்.

பல இடங்களில் முறிவும் தீக்காயமும் உள்ள குழந்தையைப் பார்த்தால் யாரோ அடித்திருப்பார்கள் என்று சந்தேகிப்பது மருத்துவரின் கடமை, கோபப்பட வேண்டாம். அதற்காகவே ஒரு பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தோடு கடிதம் வைத்திருங்கள். அதில் இருக்க வேண்டியவை: நோயின் பெயர், மரபணுச் சோதனை முடிவும் தேதியும், வியர்வை உண்டா இல்லையா, நலமாக இருக்கும்போதைய நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் வெப்பமும், பழைய முறிவுகளின் பட்டியல் தேதியோடு, தொடர்ந்து பார்க்கும் மருத்துவரைத் தொடர்புகொள்ளும் வழி. மேலே தடித்த எழுத்தில் ஒரே வரி: "இவருக்கு வலி தெரியாது, வலி இல்லை என்று சொல்வதை வைத்து எந்த நோயையும் விலக்க வேண்டாம்."

உள்ளே போனதும் முகங்கள் வரைந்த வலி அளவுகோலை நீட்டுவார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்: "நேற்று மாலையிலிருந்து சாப்பிடவில்லை, நாடி வழக்கமாக 80, இப்போது 112, வலது முழங்கால் இடதைவிட 2 செ.மீ. பெரிது." வரிசையில் காத்திருக்கும்போது அழும் பிள்ளையை முன்னே அழைப்பார்கள், உங்கள் பிள்ளை விளையாடிக்கொண்டிருப்பதால் பின்னுக்குத் தள்ளப்படும், கடிதத்தை முதலிலேயே வரவேற்பில் காட்டி, நாடித்துடிப்பையும் வெப்பத்தையும் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். எண்கள் எழுதப்பட்டுவிட்டால் வரிசை மாறும்.